குரூஸ் புக் செய்யும் முன்: கார்டீலியா, கெந்திங் ட்ரீம், ராயல் கரீபியன், டிஸ்னி

தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவை குரூஸ் போகிறவர்களுக்கு நடைமுறையில் ஏறுமிடம் இரண்டுதான். சென்னைத் துறைமுகம், இல்லையென்றால் சிங்கப்பூர். சென்னையில் கார்டீலியாவின் எம்ப்ரஸ். சிங்கப்பூரில் ஸ்டார்ட்ரீம் குரூசஸ் (2025 வரை ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ்) நிறுவனத்தின் கெந்திங் ட்ரீம், ராயல் கரீபியன் அந்தப் பருவத்துக்கு அனுப்பும் கப்பல், 2025 டிசம்பரில் வர வேண்டியது 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போன டிஸ்னி அட்வென்ச்சர். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், மூலையில் நட்சத்திரக் குறியோடு ஒரு விலை. அந்த நட்சத்திரக் குறிக்குள்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு முதல் நான்கு இரவு வரையிலான பயணத்துக்குக் காசைக் கப்பலில் போடுங்கள், கேபினில் மிச்சம் பிடியுங்கள். பெரிய கப்பலின் ஜன்னலில்லாத உள் அறை, பழைய கப்பலின் பால்கனி அறையைவிட மேல். நான்கு இரவுப் பயணத்தில் முதல் நாள் ஏறவும் கடைசி நாள் இறங்கவுமே அரைநாள் அரைநாளாகப் போய்விடும். மிச்ச நேரத்தில் நீச்சல் குளம், சாப்பாடு, நாடகம், ஊர் சுற்றல். தூங்கவும் குளிக்கவும்தான் அறைக்கு வருவீர்கள். இதற்கு விலக்கு இரண்டு பேர்: மதியம் தூங்கும் கைக்குழந்தை உள்ள வீடு, கூட்டத்தில் அதிகம் நடக்க முடியாத பெரியவர்கள் உள்ள வீடு. அவர்களுக்குப் பால்கனி செலவு இல்லை, தேவை.

கார்டீலியா எம்ப்ரஸ்

1990-ல் கட்டிய கப்பல். அப்போது பெயர் நார்டிக் எம்ப்ரஸ். ராயல் கரீபியனிடமும் அதன் ஸ்பானியக் கிளை நிறுவனத்திடமும் மாறி மாறி ஓடி, 2021-ல் கார்டீலியாவின் கைக்கு வந்து மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. கொள்ளளவு சுமார் 48,500 டன், 11 தளம். சிங்கப்பூரில் ஓடும் கெந்திங் ட்ரீமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வருடத்தின் பெரும்பகுதி மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவுப் பக்கம். தென்மேற்குப் பருவமழை மேற்குக் கடலைக் கலக்கும் மாதங்களில் சென்னைக்கு வரும். முதல் சென்னைப் பயணத்தை 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 2023-லிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றும் பயணங்களும் வந்தன. 2025 ஜூலையில் விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியும் சேர்ந்தது.

இதன் பெரிய பலம் சின்னது: விமான டிக்கெட் வேண்டாம். இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிவரும் பயணமாக இருந்தால் விசா செலவும் இல்லை. கணக்கு ரூபாயில். சைவம், ஜைன உணவுக்குப் போராட வேண்டியதில்லை. கடலில் இரண்டு நாள் இருந்தால் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

பலவீனமும் தெளிவு. அந்தக் காலத்து வடிவமைப்பு என்பதால் கேபின்கள் இன்றைய கப்பல்களைவிடக் கண்கூடாகச் சிறியவை. நான்கு பேர் ஓர் உள் அறையில் என்றால் ஒருவர் பெட்டியைத் திறக்க மூன்று பேர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். பால்கனி அறைகள் மிகச் சொற்பம். குளிர்சாதனம், குழாய், லிஃப்ட் எல்லாவற்றிலும் வயது தெரியும். கப்பல் சிறியது என்பதால் ஆட்டமும் கூடுதலாக உணரப்படும். கப்பலின் பக்கவாட்டில் நீருக்கடியில் நீளும் துடுப்புகள் இடவலமாக உருளுவதைத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் எழுந்து தாழ்வதைக் குறைக்காது. சென்னைப் பருவம் ஜூன் முதல் என்பதால் இது முக்கியம். அம்பாந்தோட்டை இலங்கையின் தென்கரை, தென்மேற்குக் காற்று நேராக அறையும் இடம். அதே மாதங்களில் திருகோணமலைப் பக்கம் கடல் குளம் மாதிரி இருக்கும். ஆட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் வழித்தடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், விலையைப் பார்த்து அல்ல.

ஊர் இறங்காமல் கடலில் சுற்றித் திரும்பும் இரண்டு இரவுப் பயணத்தில் இன்னொன்றும் உண்டு. கேசினோ 12 கடல் மைலைத் தாண்டினால்தான் திறக்கும். அதை நாடிவரும் கூட்டமும், பேச்சிலர் பார்ட்டிக் கூட்டமும் சனி ஞாயிறில் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்கள் வார நாளில் கிளம்பும் தேதியைக் கேளுங்கள்.

நார்வீஜியன் நிறுவனத்தின் ஸ்கை, சன் என்ற இரண்டு கப்பல்களைக் கார்டீலியா வாடகைக்கு எடுக்க 2025-ல் ஒப்பந்தம் போட்டது. ஆகவே புக் செய்யும்போது எந்தக் கப்பல் என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்கை என்றால் மேலே எம்ப்ரஸ் பற்றிச் சொன்ன குறைகளை அப்படியே அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

கெந்திங் ட்ரீம்

2016-ல் ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டியது. சுமார் 1,50,700 டன், 335 மீட்டர் நீளம். இதை ஓட்டிய பழைய நிறுவனம் 2022 தொடக்கத்தில் நொடித்துப்போக, அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய பெயரில் சிங்கப்பூரிலிருந்து மறுபடி கிளம்பியது. அந்தப் பழைய நிறுவனத்துக்காகப் பாதி கட்டி நின்றுபோன இன்னொரு ராட்சதக் கப்பலைத்தான் டிஸ்னி வாங்கி அட்வென்ச்சராக மாற்றியது. ஆக சிங்கப்பூரில் எதிரெதிராக நிற்கும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

பயணங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று இரவு. போர்ட் கிளாங், மலாக்கா, பினாங்கு, புக்கெட் என்ற வட்டத்துக்குள். கேபின்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல் பால்கனி உள்ளவை என்பதால் உள் அறைக்கும் பால்கனிக்கும் விலை வித்தியாசம் சில தேதிகளில் வியக்கும் அளவுக்குக் குறையும். நமது விதிக்கு இந்தக் கப்பல்தான் விலக்கு. இரண்டு விலையும் கேட்டு, பால்கனி கால் பங்குதான் கூடுதல் என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

இந்தியர்கள் ஏராளமாக வருவதால் பருப்பு, சப்ஜி, ரொட்டி வகைகள் குறையாது. தென்னிந்தியச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போக வேண்டாம். இட்லி இருந்தாலும் சட்னி வேறு ஊர்ச் சட்னியாகத்தான் இருக்கும். கட்டணத்துக்குள் அடங்கும் சாப்பாட்டுக் கூடங்கள் எவை, தனியாகக் காசு கேட்பவை எவை என்பதை முதல் மணிநேரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கப்பலில் காசு கேட்கும் உணவகங்கள் அதிகம், அவையெல்லாம் வழியிலேயே கண்ணில் படும்படி இருக்கும். கப்பலுக்குள் செலவு சிங்கப்பூர் டாலரில்.

பேலஸ் என்று தனிச் சாவியோடு ஒரு சொகுசுப் பகுதி உண்டு. தனிக் குளம், தனி உணவகம், பட்லர். மூன்று இரவுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷத்துக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் பார்க்கலாம்.

ராயல் கரீபியன்

நான்கில் முதல் பயணத்துக்கு எங்கள் ஓட்டு இதற்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு: குவான்டம் வகுப்புக் கப்பலாக இருக்க வேண்டும். குவான்டம், ஓவேஷன், ஸ்பெக்ட்ரம், ஆந்தம் நான்கும் வெவ்வேறு பருவங்களில் சிங்கப்பூரில் ஓடியவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,68,000 டன் அல்லது அதற்கு மேல், அறைக்கு இருவர் என்ற கணக்கில் நாலாயிரம் பேருக்கு மேல் ஏற்றும். கடலுக்கு மேல் 300 அடி உயரத்துக்குத் தூக்கும் கண்ணாடிக் கூண்டு, காற்றில் மிதக்கவிடும் குழாய், அலைச்சறுக்கு, மோதும் கார்கள் ஓடும் உள்ளரங்கம். மழை வந்தாலும் குழந்தைகளுக்குப் பொழுது போகும் கப்பல் இது. சிங்கப்பூர் மழை கேட்டுக்கொண்டு வராது.

பருவத்துக்குப் பருவம் கப்பல் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. வாயேஜர் வகுப்பைச் சேர்ந்த பழைய கப்பல் வந்தால் அந்தக் கண்ணாடிக் கூண்டு கிடையாது, பதிலாகப் பனிச்சறுக்கு அரங்கம் இருக்கும். கெட்டது என்று சொல்ல மாட்டோம். அதன் உள் அறைகளில் ஒரு வகைக்கு, கப்பலின் நடுவே ஓடும் கடைவீதியைப் பார்த்த ஜன்னல் உண்டு. ஆனால் யூடியூபில் குவான்டம் வகுப்பைப் பார்த்துவிட்டு அதே விலைக்கு வாயேஜரை எடுத்தால் ஏமாற்றம் நிச்சயம்.

மூன்று, நான்கு, ஐந்து இரவு என்று பயணங்கள் இருக்கும். நான்கு இரவு எடுங்கள். மூன்று இரவில் ஒரு நிறுத்தம்தான் தேறும், ஐந்து இரவில் வியட்நாம் போன்ற இடம் வந்தாலும் கப்பல் நிற்பது ஃபூ மி துறைமுகத்தில். ஹோ சி மின் நகரத்துக்குப் போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி. விளம்பரத்தில் கோலாலம்பூர் என்று போட்டிருந்தாலும் நீங்கள் இறங்குவது போர்ட் கிளாங். இரட்டைக் கோபுரத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். பினாங்கு மட்டும் சொன்ன சொல் தவறாது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கிப் பொடிநடையாகப் போனால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-ல் தோன்றிய மகாமாரியம்மன் கோவில், வாழையிலைச் சாப்பாடு. டூர் எதுவும் வாங்கத் தேவையில்லை.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கும். வரிசையில் ஒரு மணி நேரம் போகலாம். மே முதல் அக்டோபர் வரை அலை பெரிதானால் படகு ஓடாது, நிறுத்தமே ரத்தாகும். அப்போது திரும்பி வருவது துறைமுகக் கட்டணம் மட்டும்தான், அதுவும் கப்பல் கணக்கில் வரவு வைப்பார்கள். பினாங்கு, புக்கெட் இரண்டில் ஒன்றுதான் என்றால் அந்த மாதங்களில் பினாங்கு உள்ள தேதியைப் பிடியுங்கள்.

டிஸ்னி அட்வென்ச்சர்

சுருக்கமாகச் சொல்லலாம். 2,08,000 டன், மூன்று அல்லது நான்கு இரவு, எந்த ஊரிலும் நிற்காது. கப்பல்தான் ஊர். கேசினோ இல்லை. 5 முதல் 10 வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு, டிஸ்னிக் கதாபாத்திரங்கள் மேல் பைத்தியமாக இருந்தால் மட்டும் கொடுக்கிற கூடுதல் காசுக்குப் பலன் உண்டு. பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் ராயல் கரீபியனே போதும். நான்கிலும் ஓர் இரவுக் கணக்கில் விலை மேலே நிற்பது இதுதான்.

கேபின்: எதைப் பார்க்க வேண்டும்

குவான்டம் வகுப்பில் உள் அறை சுமார் 166 சதுர அடி, கடல் ஜன்னல் அறை சுமார் 182, பால்கனி அறை சுமார் 198, வெளியே பால்கனி 55. கணக்கைக் கவனியுங்கள்: ஜன்னல் அறைக்குக் கூடுதலாகக் கிடைப்பது பதினாறு சதுர அடி, ஒரு பீரோவும் அதைத் திறக்க ஓர் ஆளும் நிற்கும் இடம். அந்த ஜன்னலும் திறக்காது. எங்கள் பார்வையில் கடல் ஜன்னல் அறைதான் எல்லாக் கப்பலிலும் மோசமான பேரம். உள் அறையில் தரையிலிருந்து மேல்வரை 80 அங்குலத் திரை ஒன்றில் வெளியே ஓடும் கடலை நேரலையாகக் காட்டுகிறார்கள். தலைசுற்றினால் அணைத்துவிடலாம். விளக்கை அணைத்தால் உள் அறை கும்மிருட்டு, காலை ஏழு மணியும் இரவு மூன்று மணியும் ஒன்றாகத் தெரியும். இந்தத் திரை விடியலையாவது காட்டிக்கொடுக்கும்.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு பால்கனி அறையா, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உள் அறையா? விலையைக் கேட்டுப் பாருங்கள், பல தேதிகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். இரண்டு அறை எடுத்தால் இரண்டு குளியலறை. காலை எட்டரைக்குப் பினாங்கில் இறங்க நான்கு பேரும் ஒரே கழிவறைக்குக் காத்திருக்கும்போது பால்கனியிலிருந்து பார்க்கும் கடல் யாருக்கும் ஞாபகம் வராது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் படுக்கை என்பது கூரையிலிருந்து இறங்கும் தொட்டில் கட்டில், ஏணி வைத்து ஏற வேண்டும். பாட்டிக்கு அது ஆகாது. சோபா படுக்கையாக விரிகிற அறையா என்று முன்பே கேளுங்கள்.

அறை எண்ணைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் கப்பலின் தளவரைபடத்தை வைத்துக்கொண்டு உங்கள் அறைக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் குளத் தளம் என்றால் காலை ஆறு மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், பஃபே என்றால் தள்ளுவண்டிச் சத்தம். கீழே நடன அரங்கம் என்றால் நள்ளிரவு வரை அடி அடியென்று அதிரும். முன்பக்கக் கீழ்த்தள அறைகளில் துறைமுகத்தை நெருங்கும் விடியற்காலை நங்கூரச் சங்கிலியும் பக்கவாட்டு இயந்திரமும் எழுப்பிவிடும். பின்கோடியில் அதிர்வு. குமட்டல் பயம் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். ஊஞ்சலில் நடுவே உட்கார்ந்தால் ஆட்டம் குறைவது போலத்தான். இரண்டு அறைக்கு நடுவே கதவு வைத்த அறைகளைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கதவு வழியே பேச்சு கேட்கும்.

‘கேரண்டி’ விலை என்று மலிவாக ஒன்று சொல்வார்கள். வகை மட்டும் உறுதி, எண்ணை அவர்களே கடைசியில் தருவார்கள். ஜோடியாகப் போகிறவர்களுக்கு நல்ல பேரம். இரண்டு அறை எடுக்கும் குடும்பம் தொடவே கூடாது. ஒன்று ஆறாம் தளம், ஒன்று பதிமூன்றாம் தளம் என்று விழும், பிறகு மாற்ற முடியாது. ‘மறைப்புள்ள காட்சி’ என்று விலை குறைத்த பால்கனிகளும் உண்டு, முன்னால் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கும். காற்று வந்தால் போதும் என்பவர்களுக்கு அதுவும் சரிதான்.

பால்கனி எடுக்கிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணையில் வடமேற்காகப் போகும்போது சூரிய அஸ்தமனம் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். புறப்படுவது பெரும்பாலும் மாலை என்பதால் முதல் நாள் அஸ்தமனம் வேண்டுமென்றால் இடப்பக்க அறை.

குளியலறை பற்றி யாரும் எழுதுவதில்லை, நாமே எழுதிவிடுவோம். வெளிநாட்டுக் கப்பல்களில் பெரும்பாலும் ஹெல்த் ஃபாசெட் கிடையாது. வாளி, குவளை கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை. ஈரத்தாள், டயபர், நாப்கின் ஒன்று போட்டாலும் உங்கள் வரிசை அறைகள் அத்தனையும் அடைத்துக்கொள்ளும்.

மின்சாரக் கெட்டில், அயர்ன் பாக்ஸ், சின்ன ரைஸ் குக்கர் எதையும் கொண்டுபோகாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் ராயல் கரீபியன் தடை செய்துவிட்டது. நமது மூன்று முனைப் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். வீட்டில் கட்டிய புளியோதரைக்கு அனுமதியில்லை. கடையில் சீல் வைத்து வாங்கிய முறுக்கு, பருப்புப் பொடி பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் போகும்.

விலையை எப்படிக் கேட்பது

விளம்பர விலை எப்போதும் ‘நபருக்கு, அறைக்கு இருவர்’ என்ற கணக்கு. தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவு. ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்றால் கட்டணம்தான் இலவசம், துறைமுக வரியும் டிப்ஸும் (ஊழியர்களுக்காகக் கப்பலே கணக்கில் சேர்ப்பது) அவர்களுக்கும் உண்டு. ஏஜென்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கேபின் கட்டணம், துறைமுகக் கட்டணமும் வரியும், டிப்ஸ், ஜிஎஸ்டி, டிசிஎஸ் ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதி அனுப்ப முடியுமா? மொத்தமாக ஒரே தொகை சொல்கிறவரிடம் பெரும்பாலும் டிப்ஸ் விட்டுப்போயிருக்கும்.

டிப்ஸ் சின்னத் தொகையல்ல. ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 18.50 டாலர், ‘சூட்’ என்ற பெரிய சொகுசு அறைக்கு 21 டாலர் என்பது 2025 நிலவரம். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 296 டாலர். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 26,048 ரூபாய். கைக்குழந்தைக்கும் உண்டு. குளிர்பானம், ஸ்பா போன்றவற்றின் பில்லில் 18 சதவீதச் சேவைக் கட்டணம் தனி. மதுபான பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. மாலை ஒரு பீர் குடிக்கிறவருக்காகக் குடும்பமே வாங்கினால் நஷ்டம்தான். தண்ணீர், சாதா காபி, டீ, எலுமிச்சைச் சாறு பஃபேயில் இலவசம்.

டிசிஎஸ் என்பது வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும்போது ஏஜென்ட் பிடிக்கும் வரி. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அது போன காசு அல்ல, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் யார் பான் எண்ணில் பிடிக்கிறார்களோ அவருக்குத்தான் திரும்பும். ஆகவே வரி கட்டுகிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள்.

மலிவான தேதிகள் ஜனவரி இரண்டாம் வாரம் முதல், சீனப் புத்தாண்டு வாரத்தை விட்டுவிட்டு, பிப்ரவரி வரை. நமது மே விடுமுறையும் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறையும் தொட்டுக்கொண்டு வருவதால் அந்த ஆறு வாரம் விலை உச்சம். நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரையும் அப்படியே. திங்கள், செவ்வாய்க் கிளம்பும் பயணம் வெள்ளியில் கிளம்புவதைவிடக் குறைவு. ராயல் கரீபியனில் நான்கு இரவு வரையிலான பயணத்துக்கு 75 நாள் முன்பும், ஐந்து இரவும் அதற்கு மேலும் 90 நாள் முன்பும் முழுப்பணம் கட்ட வேண்டும். அதற்குள் விலை இறங்கினால் குறைந்த விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கப்பல் கணக்கைத் தீர்க்க டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால், செலவு செய்வதற்கு முன்பே தினம் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். இறங்கிய பிறகும் அது விடுபடப் பல நாள் ஆகும், சிங்கப்பூரில் கையில் காசில்லாமல் நிற்க நேரும். கிரெடிட் கார்டு கொடுங்கள், அந்நியச் செலாவணிக் கட்டணம் குறைந்ததாகப் பார்த்து. போனை ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் சொந்த செல் கோபுரம் சிங்கப்பூர் சிம்மையும் இந்திய ரோமிங்கையும் பிடித்துக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக்கில் அது சேராது.

விசாவும் ஏறுவதும்

சிங்கப்பூர் விசாவில் ‘மல்டிபிள்’ என்று இருக்க வேண்டும். கப்பல் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசாவோடு வந்தவரைச் செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. திரும்பி நுழைவதற்கான சிங்கப்பூர் அரைவல் கார்டையும் நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் போட வேண்டும், கப்பலில் இணையம் வாங்காவிட்டால் கரையிலேயே முடித்துவிடுங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை, டிஜிட்டல் கார்டு கேட்கும். தாய்லாந்தும் 2025 மே முதல் அப்படியொரு கார்டைக் கொண்டுவந்தது. இலங்கைக்கு இடிஏ என்ற இணையவழி முன் அனுமதி. எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ராயல் கரீபியனில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும், பயணத்துக்குள் 24-ஆம் வாரத்தைத் தொடும் கர்ப்பிணிக்கும் இடமில்லை.

கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள். சென்னை, திருச்சி, கோவை, மதுரை எங்கிருந்து பறந்தாலும் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, சாதாரண டிராவல் இன்சூரன்ஸில் இதற்கு இழப்பீடும் பெரும்பாலும் வராது. பாலிசியில் குரூஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், கப்பல் டாக்டரின் பில்லும் டாலரில்தான். லிட்டில் இந்தியாவில் தங்கினால் ஹார்பர்ஃப்ரன்ட் முனையத்துக்கு எம்ஆர்டி ஒரே ரயில். மரினா பே குரூஸ் சென்டருக்கு தோபி காட்டில் மாறி மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இரண்டும் பக்கத்தில் இல்லை.

முனையத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும். மருந்து, குழந்தையின் மாற்றுத் துணி, நீச்சல் உடை மூன்றும் தோள்பையில் இருக்கட்டும். குமட்டலுக்கு அவோமின் போன்ற மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு, முன்பே போட வேண்டும். மலாக்கா நீரிணையில் அநேகமாகத் தேவைப்படாது.

கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில் எடுத்துக்கொள்ளலாம். மதியம் ஒரு மணிக்கு முன் விமானம் என்றால் அதைச் செய்யாமல் பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு முதல் தொகுதியில் இறங்குங்கள். வெளியே வைக்கிறவர்கள் மறுநாள் போட வேண்டிய சட்டையையும் பாஸ்போர்ட்டையும் முதலில் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். இரவு உடையில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்பவரை எல்லாக் கப்பலிலும் பார்க்கலாம்.